ஐஸ்லாந்து, 2010: அந்த ‘வேண்டாம்’ ஓட்டு டெபாசிட்காரர்களுக்குச் செய்த துரோகமா?

கேள்வி: பாலாற்றங்கரை, ஆம்பூர்

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். முழுசாகச் சொன்னால்தான் எனக்கு எது உறுத்துகிறது என்று உங்களுக்குப் புரியும்.

2010-இல் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஷிப்பிங் செக்‌ஷனில் இருந்தேன். சித்திரை ஒன்றாம் தேதி லீவு. மறுநாள் வியாழக்கிழமை ராத்திரி, ஜெர்மனி பையருக்குப் போகவேண்டிய சாம்பிள் 64 ஜோடியை வேனில் ஏற்றி மீனம்பாக்கம் கார்கோவுக்கு அனுப்பினோம். வண்டி வாலாஜா தாண்டுவதற்குள் ஏஜெண்ட் போன் பண்ணிவிட்டார். ஐரோப்பா பக்கம் விமானம் எதுவும் இறங்காது, வானத்தில் எரிமலைச் சாம்பல் என்றார். வண்டியைத் திருப்பவும் மனசில்லை, சரி, போய் நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம். பெட்டிகள் அடுத்த வாரம்தான் ஏறின. அத்தனை நாளும் அந்தச் சித்திரை வெயிலில் சோல் ஒட்டிய பசை விட்டுவிடுமோ என்கிற பயத்திலேயே இருந்தேன். அந்த எரிமலையின் பெயரை டிவியில் யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. எய்யஃபியாத்லயோகுத்ல். ‘தீவு, மலை, பனியாறு’ என்ற மூன்று சொற்கள் சேர்ந்தது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கொரோனா ஊரடங்கில் கம்பெனி மூடியிருந்தபோது ஒரு நோட்டு போட்டு, அந்த ஒரு வருஷத்தில் அந்த எரிமலை இருக்கிற ஐஸ்லாந்தில் என்னென்ன நடந்தது என்று தேதி வாரியாக எழுத ஆரம்பித்தேன். மொத்தமே 3,18,000 பேர். 2011 கணக்கெடுப்பில் நம் பழைய வேலூர் மாவட்டத்தில் மட்டும் 39 லட்சம் பேர். அவ்வளவு சின்ன நாட்டில் ஒரே வருஷத்தில் இத்தனையா என்று ஆச்சரியப்பட்டேன். எரிமலை அதில் ஒரு பக்கம்கூட வரவில்லை.

நோட்டில் நான் தடுக்கி நின்ற இடம் மார்ச் 6. 2008 அக்டோபரில் அவர்களுடைய மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. அதில் லாண்ட்ஸ்பாங்கி என்ற வங்கி, ‘ஐஸ்சேவ்’ என்ற பெயரில் இணையம் வழியாகப் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நல்ல வட்டி சொல்லி டெபாசிட் வாங்கியிருந்தது. அந்தப் பணத்தைத் திருப்பித் தருவதற்கு ஐஸ்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. நாலில் ஒரு வாக்காளர் அளவுக்கு, சுமார் 56,000 பேர், எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஜனவரி 5 அன்று குடியரசுத் தலைவர் ஓலாஃபுர் ரக்னர் கிரிம்சன் சட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்து மக்களிடமே விட்டார். மார்ச் 6 ஓட்டில் 100-க்கு 93 பேர் வேண்டாம் என்றார்கள். ‘சரி’ என்றவர்கள் 2 பேர்கூட இல்லை. மிச்சம் வெற்று ஓட்டும் செல்லாத ஓட்டும்.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் கைதட்டுகிறார்கள். எனக்குக் கை வரவில்லை. காரணம் என் அப்பா. நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பெரும்பகுதியை வேலூரில் ஒரு பைனான்ஸில் போட்டார். பெயர் வேண்டாம். 24 சதவீத வட்டி. இரண்டு வருஷம் ஒழுங்காக வந்தது. மூன்றாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை ஷட்டர் இறங்கியிருந்தது. அதற்கப்புறம் ஐந்தாறு மாதம் அப்பா வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் அந்த ஷட்டர் முன்னால் நின்றுவிட்டு வருவார். “நாலு பேர் நின்றார்கள்” என்பார். அப்புறம் “ரெண்டு பேர்”. கடைசியில் போவதை விட்டுவிட்டார். பத்திரம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அதனால் ஐஸ்சேவ் என்றால் எனக்கு ஐஸ்லாந்துக்காரர் முகம் வருவதில்லை. எங்கோ ஒரு பிரிட்டிஷ் கிழவர் தன் ஓய்வூதியப் பணத்துக்காக மூடிய இணையப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் வருகிறது. அவரை ஏமாற்றிவிட்டு ஒரு தேசமே ‘தரமாட்டோம்’ என்று ஓட்டுப் போட்டதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: காட்பாடி ஜங்ஷன்

தம்பி, நான் 31 வருஷம் வங்கி கவுன்டரில் உட்கார்ந்தவன். உங்கள் அப்பாவைப் போல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். “பேங்கில் ஒன்பதுதானே தர்றீங்க, அங்கே இருபத்திநாலு” என்று எஃப்.டி.யை உடைத்துக்கொண்டு போனவர்களைத் தடுக்க எனக்கு வாய் இருந்தது, அதிகாரம் இல்லை. அதனால் இதை அக்கறையோடுதான் எழுதுகிறேன்.

நீங்கள் நினைக்கிற அந்தக் கிழவருக்குப் பணம் ஓட்டெடுப்புக்கு ரொம்ப முன்னாலேயே கிடைத்துவிட்டது. பிரிட்டனில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஐஸ்சேவ் கணக்குக்காரர்கள். அந்த நாட்டு அரசே சாதாரண டெபாசிட்காரர்களுக்கு முழுசாகக் கொடுத்தது. நெதர்லாந்து 1,00,000 யூரோ வரை கொடுத்தது. 2010-இல் நடந்த சண்டை டெபாசிட்காரருக்கும் ஐஸ்லாந்துக்கும் இல்லை. ‘நாங்கள் கொடுத்ததில் உங்கள் பங்கை எங்களுக்குத் திருப்பு’ என்று அந்த இரண்டு அரசுகள் கேட்டன. தொகை கிட்டத்தட்ட 390 கோடி யூரோ. 3,18,000 பேருக்கு வகுத்துப் பாருங்கள், கைக்குழந்தை உட்படத் தலைக்கு 12,000 யூரோவுக்கு மேல். அதற்கு வட்டி 5.5 சதவீதம். கடன் வாங்காத மீனவன் தலையில் இது வந்தால் அவன் என்ன செய்வான்?

இன்னொன்று. மார்ச் 6-க்குள் அதைவிட நல்ல நிபந்தனைகள் பேச்சுவார்த்தையில் வந்துவிட்டன. செத்துப்போன ஒப்பந்தத்துக்கு எவன் ‘சரி’ போடுவான்? 93 என்ற எண்ணைப் பார்த்து, அத்தனை பேரும் ஒரு காசும் தரக்கூடாது என்று நினைத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிஜமான கேள்வி 2011 ஏப்ரல் 9-இல்தான் வந்தது. இலகுவாக்கிய ஒப்பந்தத்தை மறுபடி ஓட்டுக்கு விட்டார்கள். அப்போது ‘வேண்டாம்’ 60 சதவீதம் அளவுக்கு இறங்கியது. நாற்பது பேர் ‘கொடுத்துவிடலாம்’ என்றார்கள். அந்த நாற்பது பேரையும் யோசித்துப் பாருங்கள்.

நான் ஒரு வங்கிக்காரனாக மதிக்கிற விஷயம் இதெல்லாம் இல்லை. 2008 அக்டோபர் 6 அன்று, வங்கிகள் விழுந்துகொண்டிருந்த அதே நாளில், அவர்கள் ஓர் அவசரச் சட்டம் போட்டார்கள். மூழ்கும் வங்கியின் சொத்தில் முதல் பாத்தியதை டெபாசிட்காரருக்கு, கடன் பத்திரம் வாங்கிய பெரிய கைகள் அப்புறம்தான் என்று வரிசையை மாற்றினார்கள். இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் கடைசியில் காசு வந்தது இந்த வழியில்தான். லாண்ட்ஸ்பாங்கி விட்டுப்போன சொத்துகளை விற்று விற்று, 2016 ஜனவரியில் ஐஸ்சேவ் கணக்கு முழுசாகத் தீர்ந்தது. வரி கட்டியவன் பையிலிருந்து எடுக்கவேண்டி வரவில்லை. இடையில் 2013 ஜனவரி 28-இல் எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கம்) நீதிமன்றம், ஐஸ்லாந்து அரசு சட்டத்தை மீறவில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது.

உங்கள் அப்பா விஷயத்தில் விட்டுப்போனது அந்த வரிசைதான் தம்பி. பைனான்ஸ் கம்பெனி மூடும்போது இருந்த கட்டடமும் நிலமும் யார் யார் கைக்கோ போயிருக்கும். வங்கி டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, 1993-லிருந்து ஒரு லட்சம், 2020 பிப்ரவரியிலிருந்து ஐந்து லட்சம். தனியார் பைனான்ஸுக்கு அது கிடையாது. தமிழ்நாட்டில் டெபாசிட்காரரைக் காக்கிற தனிச்சட்டமே 1997-இல்தான் வந்தது. பத்திரத்தில் எந்த வருஷம் போட்டிருக்கிறது?

பாலாற்றங்கரை

ஐயா, ரொம்ப நன்றி. பிரிட்டிஷ்காரருக்கு முன்னாலேயே பணம் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாள் அந்த மனுஷனுக்காக வருத்தப்பட்டேன். அது வீண் இல்லை என்றே நினைக்கிறேன், ஆனாலும் இப்போது கொஞ்சம் லேசாக இருக்கிறது.

பத்திரத்தில் 1995 இருக்கிறது.

அப்பாவுக்குப் பணம் போனதைவிட இன்னொரு விஷயம்தான் தாங்கவில்லை. ‘என்ன நடந்தது, யார் செய்தது’ என்று ஒருத்தரும் அவரிடம் வந்து சொல்லவில்லை. ஷட்டரில் ஒரு காகிதம்கூட ஒட்டவில்லை. அங்கே யாராவது சொன்னார்களா? யாருக்காவது தண்டனை உண்டா?

பதில்: குடியாத்தம் டீச்சர்

அண்ணா, உங்கள் இந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுத வந்தேன். அவர்கள் சொன்னார்கள். அதுவும் உங்கள் பெட்டிகள் மீனம்பாக்கத்தில் கிடந்த அதே நாட்களில்.

2010 ஏப்ரல் 12, திங்கட்கிழமை. நாடாளுமன்றம் நியமித்த சிறப்பு விசாரணைக் குழு அறிக்கையை வெளியிட்டது. ஒன்பது தொகுதிகள், 2,000 பக்கங்களுக்கு மேல். மூன்று முன்னாள் அமைச்சர்கள், மத்திய வங்கியின் மூன்று ஆளுநர்கள், நிதிக் கண்காணிப்பு அமைப்பின் தலைவர் என்று ஏழு பேர் கடமையில் அலட்சியமாக இருந்தார்கள் என்று பெயர் சொல்லி எழுதியிருந்தது. அன்றைக்கே ரெய்க்யவிக் நகர நாடக அரங்கில் நடிகர்கள் அந்த அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் களைத்தால் இன்னொருவர் என்று இராப்பகலாகக் கிட்டத்தட்ட ஆறு நாள் படித்தார்கள். 14-ஆம் தேதி எரிமலை வெடித்தது, பனியாறு உருகி வெள்ளம் வந்தது, தெற்குப் பக்கம் சுமார் 800 பேர் வீட்டை விட்டுப் போனார்கள், ஐரோப்பாவே பூட்டிக்கொண்டது. அரங்கில் படிப்பது நிற்கவில்லை.

எங்கள் ஊரில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும் அண்ணா. பகலில் பிரசங்கியார் படிப்பார், இரவில் கூத்து, பதினெட்டாம் நாள் துரியோதனன் படுகளம். வட ஆர்க்காட்டில் பிறந்த யாருக்கும் இது தெரியும். ஒரு குலம் எப்படி அழிந்தது என்பதை ஊரே உட்கார்ந்து காதால் கேட்பது நமக்குப் புதிது இல்லை. அதனால் அந்த நாடக அரங்கைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர்கள் தங்கள் வங்கிக் கணக்கை அப்படிக் கேட்டிருக்கிறார்கள்.

தண்டனை பற்றி. செப்டம்பர் 28-இல் நாடாளுமன்றம் முன்னாள் பிரதமர் கெயிர் ஹார்தேயை விசாரிக்க 33-க்கு 30 என்று ஓட்டுப் போட்டது. அமைச்சர்களை விசாரிப்பதற்கென்று 1905-இலேயே ஏற்படுத்தி, ஒருமுறைகூடக் கூட்டாத ஒரு நீதிமன்றத்தை அவருக்காகக் கூட்டினார்கள். 2012-இல் ஒரு குற்றச்சாட்டு மட்டும் நிரூபணமானது: நெருக்கடியைப் பற்றி அமைச்சரவையைக் கூட்டிப் பேசவில்லை என்பது. தண்டனை எதுவும் இல்லை. அதே அறிக்கையில் பெயர் வந்த மற்ற இரண்டு அமைச்சர்களையும் ஓட்டில் விட்டுவிட்டார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் வங்கித் தலைவர்கள் சிலர் பிற்பாடு நிஜமாகவே சிறைக்குப் போனார்கள்.

உங்கள் நோட்டில் அக்டோபர் இருக்கிறதா? 4-ஆம் தேதி ராத்திரி, பிரதமர் யோகன்னா சிகுர்தர்தோத்திர் நாடாளுமன்றத்தில் உரையாற்றிக்கொண்டிருந்தபோது வெளியே சுமார் 8,000 பேர் எண்ணெய்ப் பீப்பாய்களை அடித்துக்கொண்டு நின்றார்கள். வீடுகள் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்தன. (அந்தப் பெயருக்கு ‘சிகுர்தின் மகள்’ என்று அர்த்தம். குடும்பப் பெயர் வைத்துக்கொள்கிற வழக்கம் பெரும்பாலும் இல்லை, நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயர்தான்.) அதே மாதம் 25-இல் பெண்கள் மதியம் 2.25-க்கு வேலையை விட்டு எழுந்து தெருவுக்கு வந்தார்கள். ஆண்கள் சம்பாதிப்பதோடு ஒப்பிட்டால் பெண்களுக்கு அந்த நேரத்தோடு அன்றைய கூலி தீர்ந்துவிட்டது, மீதி நேரம் சும்மா உழைப்பது என்று கணக்கு. 1975 அக்டோபர் 24-இல் முதல்முறை இப்படிச் செய்து 35 வருஷம் ஆனதற்காக. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் தீப்பெட்டி ஒட்டுகிறார்கள், பீடி சுற்றுகிறார்கள். இதே கணக்கை அவர்களுக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லி எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். ஒரு பெண் எழுந்து, “எங்கம்மாவுக்குக் காலையிலேயே முடிஞ்சிடும் டீச்சர்” என்றாள்.

நவம்பர் 6-இல் வாக்காளர் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த 950 பேர் கூடி, புது அரசியல் சட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்று பேசினார்கள். 27-இல் அதை எழுத 25 பேரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல். 522 வேட்பாளர்கள்! ஓட்டுப் போட்டவர்கள் 37 சதவீதம்கூட இல்லை, அடுத்த ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முறைகேடு சொல்லித் தேர்தலையே ரத்து செய்தது. என்றாலும் குலுக்கல் என்றதும் உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. அங்கே பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் 919-ஐயும் 921-ஐயும் சேர்ந்தவை. ஐஸ்லாந்தின் நாடாளுமன்றமான ஆல்திங் சபை தொடங்கியது 930. உத்திரமேரூர் கல்வெட்டில் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் மறுபடி குடவோலைக்கே வரக்கூடாது என்று வெட்டியிருக்கிறது. பத்தே வருஷ இடைவெளியில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஊர்க் கூட்டங்கள்.

பதில்: வாணியம்பாடி தோல்

டீச்சர் நன்றாகச் சொன்னார்கள். காட்பாடி ஐயா சொன்னதில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. சட்டப்படி ஐஸ்லாந்து ஜெயித்திருக்கலாம். ஆனால் அந்த வங்கி வெளியூரில் டெபாசிட் கேட்டபோது ஐஸ்லாந்து என்ற பெயரை வைத்துத்தான் கேட்டது, கணக்கின் பெயரிலேயே ஐஸ் இருக்கிறது. எங்கள் தொழிலில் வாணியம்பாடி டேனரி ஒன்று கெட்ட தோலை அனுப்பினால் பையர் அந்த ஒரு டேனரியை மட்டும் குறை சொல்வதில்லை, ஊரையே சொல்வான். அப்போது மற்றவர்கள் சேர்ந்து சரிக்கட்டியதும் உண்டு. நான் அங்கே இருந்திருந்தால் 2011-இல் அந்த நாற்பது பேரோடு நின்றிருப்பேன்.

கேள்வி கேட்டவர் ஷூக்காரர் என்பதால் இன்னொன்று: அந்த நாட்டில் பணம் குறைவாக இருந்த காலத்தில் மீன் தோலில் செருப்பு தைத்துப் போட்டார்கள். சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒரு மலைப் பாதை எவ்வளவு தூரம் என்றால் இத்தனை ஜோடி மீன் தோல் செருப்புத் தூரம் என்பார்களாம். வடக்கே சவுதார்குரோகுர் என்ற ஊரில் மீன் தோலைப் பதனிடுகிற டேனரி நம் காலத்திலும் நடந்தது. காட் மீன் தோலை நான் கையில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். மெல்லிசு, ஆனால் இழுத்தால் கிழியாது.

காட்பாடி ஜங்ஷன்

வாணியம்பாடிக்காரரே, நீங்கள் சொல்வது வியாபார நாணயம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டேனரிக்காரர்கள் சேர்ந்து சரிக்கட்டினார்கள் என்றால் அது தொழிலில் லாபம் பார்த்தவர்கள் போட்ட பணம். தோல் ஊறவைக்கிற கூலிக்காரனிடம் வசூலிக்கவில்லையே.

பாலாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. ஓட்டு சரியா தப்பா என்பதில் எனக்கு ஐயாவும் சரி, வாணியம்பாடி அண்ணனும் சரி என்றுதான் இந்த நிமிஷம் தோன்றுகிறது. நோட்டில் மார்ச் 6-க்குப் பக்கத்தில் இரண்டு பேர் சொன்னதையும் எழுதிவிட்டேன். அக்டோபர் 25 என் நோட்டில் இல்லை டீச்சர், இப்போது சேர்த்தேன்.

நேற்று ராத்திரி பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்தேன். அப்பா அதன் பின்பக்கத்தில் வட்டி வந்த தேதிகளைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார், மொத்தம் 26 வரி. கடைசி வரிக்குக் கீழே அடுத்த மாதத்தின் தேதியை மட்டும் எழுதி, தொகைக்கு இடம் விட்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் நான் இதைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

டீச்சர், உங்கள் எட்டாம் வகுப்புக்கு வட்டிக் கணக்குச் சொல்லிக் கொடுக்க இது உதவும் என்றால் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன். கம்பெனி பெயரை மட்டும் மறைத்துவிடுகிறேன். அந்த ஐஸ்லாந்து அறிக்கையில் சில அத்தியாயங்கள் ஆங்கிலத்தில் இருப்பதாகப் பார்த்தேன். சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. குடியாத்தத்தில் யாராவது சேர்ந்து உட்கார்ந்தால், ஒருவர் படிக்க மற்றவர் தமிழில் சொல்ல, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கலாம். நான் பஸ் ஏறி வந்துவிடுவேன்.